காலித் தோட்டா

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். இடிபடும் வீடுகளிலிருந்து எனாமல் தூக்கும் பர்மாத் தேக்கும் வரும்போது, சில பெட்டிகளின் அடியில் சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களும் கிடக்கும். துப்பாக்கி மட்டும் வராது. லைசென்ஸ்காரர் காலமானதுமே அது ஸ்டேஷனுக்குப் போயிருக்கும். வெறுங்கூட்டை ஏன் சேர்த்து வைத்தார்கள் என்று ஓர் ஆச்சியிடம் கேட்டேன். “எங்க ஐயா ஒண்ணையும் தூரப் போடமாட்டாக. மறுபடி மருந்து ரொப்பித்தான் முயலுக்குப் போவாக” என்றார்.

தோட்டாக் காலத்துக்கு முந்தைய சிவகங்கைச் சீமைக்குக் கூட்டைச் சேர்த்து வைக்கும் கவலையே இல்லை. 1801-ல் காளையார்கோவில் காட்டில் மருதிருவர் படையும் கும்பினிப் படையும் குழல்வாய் வழியாகத்தான் மருந்தையும் குண்டையும் இடித்தன. சுட்டபின் எடுத்து வைக்க எதுவும் மிஞ்சாது. அந்த டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார். 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. பின்பக்கம் மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கி, உரிமம் வாங்க முடிந்த பெரிய வீடுகளுக்கு வந்தபோது, புது அடிமைத்தனமும் கூடவே வந்தது. துப்பாக்கி சென்னை மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையில் கிடைத்தது. தோட்டாவோ லண்டன் ஈலி கம்பெனியிலிருந்தும் பர்மிங்காம் கைனாக் கம்பெனியிலிருந்தும் கப்பலேறி வரவேண்டியிருந்தது. கூட்டைக் காப்பாற்றியவர்தான் நினைத்தபோது வேட்டைக்குப் போனார்.

ஆனால் கூடுகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. காகிதத் தோட்டாவுக்கு அடியில் மட்டும்தான் பித்தளை. ஐப்பசி ஈரத்தில் உடம்பு ஊதிக் குழலுக்குள் நுழையாது. ரவை சிந்தாமலிருக்க வாயை உள்பக்கம் சுருட்டுவார்கள்; சுடச் சுட அந்த விளிம்பு கருகிப் பிசிறும். வெட்டிவிட்டால் கூடு குட்டையாகும். முழுப் பித்தளைக் கூடு பல தடவை உழைக்கும், அதற்கும் பிடிவாதம் உண்டு. சுவர் மெலிது என்பதால் உள்ளே இடம் அதிகம். காகிதத் தோட்டாவில் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் தக்கை அதில் தளர்ந்து வெடிவாயுவை ஒழுகவிடும். பெரிய தக்கை தேவை. வாயைச் சுருட்டவும் முடியாது, மேல்தக்கையை ஒட்டவேண்டும்.

மருந்தைப் பற்றவைக்கக் கூட்டின் அடியில் பதித்திருக்கும் வெடிகேப்பைக் கழற்றுவது அடுத்த வம்பு. 1866 வாக்கில் இங்கிலாந்து வுல்விச்சின் எட்வர்ட் பாக்ஸரும் அமெரிக்க ஹைரம் பெர்டனும் ஆளுக்கொரு வகை கண்டுபிடித்தார்கள். பாக்ஸர் கூட்டில் நடுவே ஒரே துளை. கம்பியை விட்டுத் தட்டினால் பழைய கேப்பு விழும். பெர்டனில் கேப்பு மோதும் பட்டடை கூட்டோடே சேர்ந்தது, ஓரங்களில் சிறு துளைகள், கம்பிக்கு வழியில்லை. வெளியிலிருந்து கொக்கி போட்டு நெம்பவேண்டும். வேடிக்கை என்னவென்றால், இன்று அமெரிக்கர்கள் கையாள்வது ஆங்கிலேயர் பாக்ஸரின் வகையைத்தான்.

கண்ணுக்குத் தெரியாத கேடு பாதரசம். பழைய கேப்புகளில் பாதரச மருந்து இருந்தது. கரிமருந்தின் கசடு அதைப் பெரும்பாலும் தடுத்தது. புகையில்லா மருந்து வந்தபின் பாதரசம் நேரே பித்தளையில் ஏறியது. புளி போட்டுத் தங்கம்போலத் துலக்கினாலும் கூடு உள்ளுக்குள் நொறுங்கும். மருந்து மாறியதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: கரிமருந்து அளக்கும் கரண்டியாலேயே புகையில்லா மருந்தை அளந்தால் குழலே வெடிக்கலாம்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் உறுப்புகளையும் அதைச் செய்யும் இயந்திரத்தையும் தோட்டாக் கணக்கிலேயே சேர்த்துவிட்டது. வாய்சுருட்டும் பித்தளைக் கைப்பிடி இயந்திரத்துக்கு நல்ல விலை தரச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கொண்டுவருபவர்களிடம், முதலில் ஸ்டேஷனில் கேளுங்கள் அண்ணே என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.