ரத்தத்துக்கு உத்தரவு போடும் ஹார்மோன்

பத்தாம் வாரத் தடுப்பூசிக்குப் பேரப்பிள்ளையைத் தூக்கிவரும் புதுச்சேரி அரியாங்குப்பத்து ஆயாக்களிடம் ஒரு கவலை கேட்கும். "பொறந்தப்போ செக்கச்செவேல்னு இருந்துச்சு சிஸ்டர், இப்ப வெளுத்துப்போச்சே!" ஆயாவின் கண்ணுக்கு அது தப்பவில்லை. பிறக்கையில் 17 கிராம் அளவில் இருக்கும் ஹீமோகுளோபின், நிறைமாதப் பிள்ளைக்கும் 8 முதல் 12 வாரத்துக்குள் 11 கிராமுக்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. சிவப்பணுக்களை உண்டாக்க எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் அடங்கிப்போவதுதான் காரணம்.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த 1906-ல், பாரிஸில் பால் கார்னோவும் தெஃப்லாந்திரும் ரத்தம் இழந்த முயலின் சீரத்தை இன்னொரு முயலுக்கு ஏற்றினார்கள். அதற்குச் சிவப்பணுக்கள் பெருகின. மஜ்ஜையை வேலை வாங்கும் ஏதோ ஒன்று ரத்தத்திலேயே ஓடுகிறது என்றார்கள். பலர் நம்பவில்லை. 1957-ல்தான், சிறுநீரகமே அதைச் சுரக்கிறது என்று சிகாகோவில் ஜேக்கப்சன், கோல்ட்வாசர் குழு காட்டியது. அதைத் தனியே பிரித்தெடுக்க கோல்ட்வாசருக்கு மேலும் 20 ஆண்டுகள் பிடித்தன. மஜ்ஜை செயலிழந்தவர்களின் சிறுநீரில் இந்த ஹார்மோன் மிகுந்திருக்கும். ஜப்பானின் குமமோட்டோவில் மியாக்கே அத்தகைய நோயாளிகளிடம் 2,550 லிட்டர் சிறுநீர் சேர்த்து, வற்றவைத்து, பட்டுத்துணியில் பொதிந்து 1975-ல் சிகாகோவுக்கு எடுத்துவந்தார். அதிலிருந்து தேறியது சில மில்லிகிராம்! பெயர் பதியாத அந்த நோயாளிகளை நான் நன்றியோடு நினைக்கிறேன். 1983-ல் ஃபு-குவென் லின் இந்த ஹார்மோனின் மரபணுவைப் பிரித்தார். 1989-ல் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த ஹார்மோனே மருந்தாக வந்தது.

ஆனால் வயிற்றுப் பிள்ளைக்கு இந்த ஹார்மோனைத் தருவது கல்லீரல். தாயுடையது நஞ்சுக்கொடியைத் தாண்டாது. உள்ளே ஆக்சிஜன் குறைவு என்பதால் சிவப்பணு நிறைய வேண்டும். வெளியே வந்து மூச்சு இழுத்ததும் ஆக்சிஜன் ஏறுகிறது, சுரப்பு தணிகிறது, மஜ்ஜை ஓய்கிறது. பழைய அணுக்கள் அழிய, பிள்ளையும் வளர, அளவு இறங்குகிறது. போதிய அளவு இறங்கியதும் சிறுநீரகம் சுரக்கத் தொடங்கும். அழிந்த அணுக்களின் இரும்பு சேமிப்பில் இருந்து கைகொடுக்கும்.

குறைமாதப் பிள்ளைக்கு இந்த இறக்கம் சீக்கிரமாகவும் ஆழமாகவும் வரும். இன்னும் ஹார்மோனைச் சுரக்கும் அதன் கல்லீரல் ஆக்சிஜன் குறைவை மந்தமாகவே உணரும். பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தமும் அந்தச் சிறு உடலுக்குப் பெரிய இழப்பு. பிறந்ததும் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டச் சொல்வது இதற்காகவும்தான்.

நிறைமாதப் பிள்ளை நன்றாகப் பால் குடித்து எடை ஏறினால், ஆயா டானிக் தேட வேண்டாம். குடிக்கத் திணறினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.