செவிலியின் நினைவு: செகந்திராபாத் படைநகரத்து ஆயாக்கள்

பெற்ற தாயை நற்றாய் என்றும் வளர்த்த தாயைச் செவிலித்தாய் என்றும் பிரித்துப் பெயரிட்ட தமிழ் மரபு, அச்செவிலிக்குப் பாடலில் தனிக் குரலும் கொடுத்தது. தான் வளர்த்த பெண் தலைவனுடன் உடன்போன பிறகு, வீட்டில் கிடக்கும் பந்தையும் பாவையையும் கண்டு வருந்தும் செவிலியைச் சங்கப் பாலைப் பாடல்களில் காணலாம். நீராட்டுதல், ஊட்டுதல், தாலாட்டித் தூங்கவைத்தல், பேச்சுப் பழக்குதல் முதலியனவாக வளர்ப்பு வேலையைப் பகுத்து, அதனைச் செய்வோரை ஐவகைத் தாயராக எண்ணும் வழக்கும் பிற்காலத்தில் இருந்தது. இந்த வேலைகள் அனைத்தையும் ஒரே பெண்ணின் தலையில் ஏற்றி, அதை மாதச் சம்பளத்துக்குரிய தொழிலாக்கியது ஐரோப்பியர் குடியிருப்பு. அத்தொழிலுக்கு வழங்கிய ‘ஆயா’ என்ற பெயர் ‘அய்யா’ என ஒலிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. தமிழகத்தின் சில பகுதிகளில் பாட்டியையும் ஆயா என்றே அழைப்பதால், அச்சொல் தமிழ் வீடுகளில் அந்நியமாக ஒலிக்கவில்லை.

இத்தொழில் வேரூன்றிய இடங்களுள் ஒன்று, இன்று ஹைதராபாத் பெருநகரின் வடபகுதியில் திருமலகிரிக்கும் அல்வாலுக்கும் இடையே அமைந்துள்ள லோத்குண்டாவைச் சூழ்ந்த நிலப்பரப்பு. தெலுங்கில் ‘லோது’ ஆழத்தையும் ‘குண்ட’ குளத்தையும் குறிப்பதால், இவ்வூர்ப் பெயருக்கு ஆழ்குளம் என்று பொருள் கொள்ளலாம். ஹைதராபாத் ஆட்சியாளரான நிஜாம் 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் துணைப்படை உடன்படிக்கை செய்துகொண்டதை அடுத்து இப்பகுதியில் வந்து தங்கிய படையைச் சுற்றி ஒரு படைநகரம் வளர்ந்தது. மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806இல் அது செகந்திராபாத் ஆயிற்று. வடக்கே பொலாரத்தில் ஹைதராபாத் கண்டின்ஜென்ட் எனப்பட்ட மற்றொரு படை தங்கியது. அங்கே 1847இல் ஹோலி டிரினிட்டி தேவாலயமும், 1860இல் பின்னாளில் ராஷ்டிரபதி நிலையமாக மாறிய ரெசிடென்சி மாளிகையும் எழுந்தன.

துணைப்படையில் சென்னைப் படையின் பட்டாளங்களே மிகுந்திருந்ததால், சிப்பாய்களுடன் சமையற்காரர், பட்லர், சலவைத் தொழிலாளர், வணிகர் எனத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் தக்காணத்துக்கு இடம்பெயர்ந்தன. ஆயாவாகச் சேர்ந்த பெண்களுள் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவருமே மிகுதி. தீட்டுக் கருதி மற்றவர்கள் ஒதுக்கிய வேலைகளை அவர்கள் செய்தார்கள். சென்னை மாகாண வேலையாட்களிடையே ‘பட்லர் இங்கிலீஷ்’ என்ற கலப்பு ஆங்கிலம் வழங்கியதும் ‘மதராஸ் ஆயா’வுக்கு மதிப்பைக் கூட்டியது.

பங்களாவின் பின்புறத்து அவுட்ஹவுஸில் தங்கிய ஆயா, விடியற்காலையில் குழந்தையை எழுப்புவது முதல் இரவில் கொசுவலைக்கு வெளியே தரையில் பாய் விரித்துப் படுப்பது வரை அதன் அருகிலேயே இருந்தாள். அதனால் குழந்தையின் வாயில் ஆங்கிலத்துக்கு முன்பே இந்துஸ்தானியோ தமிழோ தெலுங்கோ குடியேறியது. 1865இல் பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங், கோவாவைச் சேர்ந்த தம் கத்தோலிக்க ஆயாவைத் தன்வரலாற்றில் நினைவுகூரும்போது, பெற்றோரைக் காணச் செல்லுமுன் ஆங்கிலத்தில் பேசும்படி குழந்தைகளுக்கு நினைவூட்ட வேண்டியிருந்ததைச் சொல்கிறார். கனவு காணும் மொழியையே ஒரு குழந்தைக்குக் கொடுத்தவளை வெறும் வேலைக்காரி என்று எழுதிக் கடப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

ஆறேழு வயதில் குழந்தையை இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவது வழக்கமாக இருந்தது. வெப்பமும் நோயும் மட்டுமல்ல, ஆயாவின் பேச்சு ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சமும் அதற்குக் காரணம். 1874இல் செகந்திராபாத்தை வாடி சந்திப்புடன் இணைத்த நிஜாம் ரயில்பாதை, பம்பாய்த் துறைமுகத்துக்கான வழியை எளிதாக்கிப் பிரிவையும் விரைவாக்கியது. ஆயாவின் கையில் மிஞ்சியது ‘சிட்’ எனப்பட்ட நற்சான்றுக் கடிதம். நேர்மையானவள், பொறுமையானவள், குழந்தைகளிடம் அன்புள்ளவள் என்ற சில வரிகளுக்கு மேல் அதில் பெரும்பாலும் இராது. எழுதப் படிக்கத் தெரியாத பெண், மடிப்புகள் நைந்துபோன அந்தத் தாள்களைப் பத்திரமாகச் சேர்த்துவைத்து அடுத்த பங்களாவின் வாசலில் நீட்டினாள். அவை அவளுக்குப் பிழைப்புக்கான ஆவணம். அதே வேளையில், தான் வளர்த்த பிள்ளைகள் உண்டு என்பதற்குக் கையிலிருந்த ஒரே சாட்சியும் பெரும்பாலும் அவைதான்.

குழந்தைகளுடன் கப்பலேறிய ஆயாக்களும் இருந்தனர். அவர்களுள் சிலர், திரும்பிச் செல்ல வழியின்றி லண்டனில் கைவிடப்பட்டனர். அவர்களுக்காக ஆல்ட்கேட் பகுதியில் நடந்துவந்த ‘ஆயாக்கள் இல்லம்’ 1900இல் ஹாக்னியின் கிங் எட்வர்ட்ஸ் சாலைக்கு மாறியது. இந்தியா செல்லும் குடும்பம் ஒன்று கிடைக்கும்வரை அவர்கள் அங்கே காத்திருந்தனர். அக்கட்டடத்தில் 2022இல் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.

வளர்ந்த பிள்ளைகள் தன்வரலாறுகளில் ஆயாவை அன்போடு எழுதினார்கள். ஆயாக்கள் அப்பிள்ளைகளை எப்படி நினைத்தார்கள் என்பதோ எழுத்தில் ஏறவில்லை. ஆயாவின் குரல் எழுத்தில் ஏறிய அரிய விலக்காக நிற்பவர் அன்னா லிபெராத்தா டி சோசா. பம்பாய் ஆளுநர் பார்ட்டில் பிரியரின் குடும்பத்தில் ஆயாவாக இருந்த அவர், 1865–66 குளிர்காலத்தில் தக்காணத்தின் மராட்டியப் பகுதியில் ஆளுநர் சுற்றுப்பயணம் செய்தபோது, அவருடைய மகள் மேரி பிரியருக்குக் கதைகள் சொன்னார். அவை ‘பழைய தக்காண நாட்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1868இல் ஆங்கில நூலாயின. மேரி அப்போது சிறுமியல்லர், இருபது வயதை எட்டியிருந்தவர். கதைகளோ அன்னா தம் பாட்டியிடம் குழந்தையாக இருந்தபோது கேட்டவை. ஒரு தக்காணப் பாட்டி தன் பேத்திக்குச் சொன்னது, அப்பேத்தி ஆயாவான பிறகு அவர் வாய்வழியே ஆளுநர் மகளின் எழுத்துக்குச் சென்று சேர்ந்தது. நூலின் முகப்பில் தொகுத்தவராக மேரி பிரியரின் பெயரே இருக்கிறது. ஆனால் கதைகளுக்கு முன்னே, குடும்பத்தையும் பாட்டியையும் பிழைப்பையும் பற்றி அன்னா சொன்ன வரலாறு, இலக்கணம் திருத்தப்படாத அவருடைய ஆங்கிலத்திலேயே அச்சாகியிருக்கிறது.