குலவழியும் உடலின் எடையும்



மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் பற்றி நான் பாடம் நடத்திய நாளொன்றில் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, பாட்டிக்கு வந்த நோய் பேத்திக்கும் வந்தே தீருமா?" என்று வினவினாள். அவளுடைய பாட்டியார் கருப்பைப் புற்றுநோயால் இறந்தவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அன்று தெளிவான விடை கூறாது விட்டேன். அவ்விடையை இன்று வரலாற்றின் துணைகொண்டு கூற விழைகிறேன்.

1895ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆல்டிரெட் வார்த்தின் என்ற மருத்துவ அறிஞரிடம் தையற்பெண் ஒருத்தி தன் அச்சத்தைச் சொன்னாள். சுற்றத்தார் பலரைக் கொண்ட புற்றுநோய் தன்னையும் கொள்ளும் என்றாள். அவ்வாறே கருப்பையின் உட்சவ்வில் தோன்றிய புற்றுநோயால் மாண்டாள். வார்த்தின் அக்குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913இல் வெளியிட்டார். 1966இல் ஹென்றி லிஞ்ச் இத்தகைய வேறு குடும்பங்களை ஆராய்ந்து எழுதினார். 1990களில் காரணம் புலனாயிற்று. உயிரணு பெருகுகையில் மரபுப்பொருளில் நேரும் பிழைகளைத் திருத்தும் மரபணு, அக்குடும்பங்களில் பழுதுற்றிருந்தது.

ஆயினும் இந்நோயுற்றோர் நூற்றுவரில் அப்பழுதுடையோர் ஏறத்தாழ மூவரே. ஏனையோரில் பலருக்கு உடலின் எடை பெருங்காரணமாகிறது. மாதவிடாய் நின்றபின் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரை ஆக்குகிறது. அது உட்சவ்வை வளரத் தூண்டும். அவ்வளர்ச்சியை அடக்கும் புரோஜெஸ்டிரோன் அப்பருவத்தில் மிகக் குறைவு. மிகு எடைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2002இல் உறுதிசெய்தது.

எடைக்கும் குலவழி உண்டு. எடையை உயர்த்தும் மரபணு வேறுபாடுகளை மிகுதியாகப் பெற்ற பெண்டிரிடையே இந்நோயும் மிகுதி என்று 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே குலவழி இருவகைப்படும். ஒன்று நேரே வருவது. அதனை எடைக்குறைப்பால் மட்டும் தடுத்தல் இயலாது, மருத்துவரின் இடைவிடாக் கண்காணிப்பு வேண்டும். மற்றொன்று எடையின் வழியே வருவது. அவ்வழியை அளவான உணவும் உடலுழைப்பும் பெரிதும் குறுக்கும்.

அம்மாணவி இன்று வினவினால், "வந்தே தீரும் என்பதில்லை, அம்மா. குடும்பத்தின் நோய் வரலாற்றை மருத்துவரிடம் மறையாது சொல். மாதவிடாய் நின்ற தாயாருக்கு மீண்டும் உதிரம் காணின், நாணத்தால் நாள் கடத்தாதே" என்பேன். அத்தையற்பெண் வாய்திறந்து பேசியதனாலன்றோ, பின்வந்தோர் பலர் காலத்தே விழிப்புற்றனர்!