கொடைக்கானல் பலமாடிக் கட்டட எதிர்ப்பு

பழனி மலைத்தொடரின் கொடைக்கானலில் விதிமுறைகளை மீறி எழுந்த உயரக் கட்டடங்களுக்கு எதிராக ஊர்வாசிகளும் சூழல் ஆர்வலர்களும் 1990-களில் நடத்திய சட்டப் போராட்டமும் அதன் தொடர்ச்சியும் இப்பெயரால் சுட்டப்படுகின்றன. கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்து ஊர். ஆனால் அதன் தெற்குச் சரிவு இறங்கி முடிவது தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில். வாகனச் சாலை வருவதற்கு முன் அங்கிருந்துதான் டோலிகள் மலையேறின. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் பேரிஜம் ஏரி, கும்பக்கரை அருவி, வராக நதி எல்லாவற்றுக்கும் ஊற்றுக்கண் இந்த மலையே. மேலே எத்தனை மாடி கட்டுகிறார்கள் என்பதில் அடிவார மக்களுக்கும் பங்கு உண்டு.

1845-இல் அமெரிக்க மிஷனரிகள் முதல் இரு வீடுகளைக் கட்டியதிலிருந்து, மரங்களுக்கிடையே தள்ளித் தள்ளி நிற்கும் தாழ்வான வீடுகளே ஊரின் முகமாக இருந்தன. அந்த அழகு மட்டுமே பிரச்சினை அல்ல. சோலைக்காட்டில் மரப்பட்டை முழுக்கப் பாசி. காலடியில் பஞ்சுபோல் அமுங்கும் இலைமக்கு. மழையையும் மூடுபனியையும் அது பிடித்துவைத்து மாதக்கணக்கில் ஓடைகளுக்குக் கசியவிடுகிறது. சரிவை வெட்டிப் பல மாடி எழுப்பினால் மண் தளரும், கழிவுநீர் கீழேயுள்ள ஓடைக்குப் போகும், கோடையில் தண்ணீர் லாரிதான் கதி.

1985-இல் தொடங்கப்பட்ட பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் இந்த வாதத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. இரண்டு தளங்களுக்கு மேல் அனுமதியில்லாத இடத்தில் 'பிளசன்ட் ஸ்டே' ஹோட்டல் ஏழு தளங்களாக உயர்ந்தது. 1994-இல் தமிழக அரசு அதற்கு விதிவிலக்கு அளித்து ஆணையிட்டது. மன்றம் வழக்குத் தொடர, சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அனுமதியற்ற தளங்களை இடிக்க வேண்டும் என்ற முடிவு 1995-இல் உச்ச நீதிமன்றத்திலும் நிலைத்தது. மன்றம் புதிய தடை எதையும் கேட்கவில்லை; இருக்கிற விதியைக் காப்பாற்றுங்கள் என்றுதான் கேட்டது. வழக்கின் வலிமையே அதுதான்.

விதிவிலக்கு தொடர்பான குற்றவழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று ஆணையிட்டபோது முதல்வராக இருந்த ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தீர்ப்பை எதிர்த்து அன்று மூண்ட கலவரத்தில் தருமபுரி அருகே பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டு வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் கருகி மாண்டனர். ஒரு ஹோட்டலின் மாடிக் கணக்குக்கு எந்தத் தொடர்பும் இல்லாத பிள்ளைகள் அவர்கள். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது.

நகரங்களில் இத்தகைய எதிர்ப்புக்கு வேறொரு முகமும் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி 1916-இலேயே தனி வீடுகளுக்கு மட்டுமான பகுதிகளை வகுத்தது. எளியவர்கள் அங்கே குடிவர முடியாமல் போனதற்கு இந்த முறையும் காரணம் என்ற விமர்சனம் இன்றுவரை தொடர்கிறது. கொடைக்கானலை அந்தக் கணக்கில் சேர்ப்பது சரியல்ல. இங்கே உயர்ந்தவை ஏழைகளுக்கான குடியிருப்புகள் அல்ல, தங்கும் விடுதிகள்.

ஆனாலும் விதியின் சுமை எல்லார் மீதும் ஒரேபோல் விழுவதில்லை. 1993-இன் முழுமைத் திட்டம் காலத்துக்கேற்பத் திருத்தப்படாமல் கிடக்க, அதற்குள் ஊர் பெருத்துவிட்டது. 2019-இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி விதிமீறல் கட்டடங்களுக்கு நகராட்சி சீல் வைத்தபோது, பெரிய ஹோட்டல்களோடு, கடன் வாங்கி நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டவர்களின் கதவுகளும் மூடப்பட்டன. அவர்களின் முறையீட்டில் நியாயம் இருந்தது: உரிய நேரத்தில் திட்டத்தைத் திருத்தாத தாமதம் அரசினுடையது.

1990 முதல் மலைக் கிராமங்களில் கட்டுமானத்தைக் கண்காணிக்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின், மக்கள் வாயில் 'ஹாக்கா'வின், வரம்புக்குள் பெரியகுளம், போடி, உத்தமபாளையம் வட்டங்களின் மலைக் கிராமங்களும் வருகின்றன. கட்டுப்பாடு கட்டடங்களோடு நிற்கவில்லை: கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது.