அமைச்சர் இருக்கையும் உறுப்பினர் இருக்கையும்

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பஸ் ஆட்டையாம்பட்டியில் நின்றால், முறுக்குப் பொட்டலம் வாங்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. அதே பாதையில் காளிப்பட்டி, மல்லசமுத்திரம் தாண்டித் திருச்செங்கோட்டுப் பக்கம் போனால் குமாரமங்கலம். இன்று நாமக்கல் மாவட்டம். 1997 வரை இதெல்லாம் சேலம் ஜில்லாதான். அந்தக் குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன்.

இந்தப் பக்கத்தில் அவர் பெயரைச் சொன்னால், "மோகன் குமாரமங்கலத்தோட அப்பா", "ரங்கராஜன் குமாரமங்கலத்தோட தாத்தா" என்றுதான் பெரியவர்கள் அடையாளம் சொல்வார்கள். மூத்த மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர். மகள் பார்வதி கிருஷ்ணன் கோவையின் கம்யூனிஸ்ட் எம்.பி.யாக இருந்தவர். பிள்ளைகளின் புகழ் அப்பாவை மறைத்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல், இடைவெளி விட்டு விட்டு, ஏதாவது ஒரு சபையில் உட்கார்ந்து பேசிய மனிதர் அவர். சேலம் விஜயராகவாச்சாரியார் 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். அதே 1920-ல்தான் சுப்பராயன், நிலவுடைமையாளர் தொகுதி ஒன்றிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்.

1889-ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரி, ஆக்ஸ்போர்டின் வாதம் கல்லூரி, டப்ளின் என்று படிப்பு நீண்டது. மனைவி ராதாபாய் மங்களூர்க்காரர். அவருடைய தந்தை குத்முல் ரங்கராவ் 1897-லேயே ஒடுக்கப்பட்ட மக்களுக்காக ஓர் இயக்கம் தொடங்கிப் பள்ளிகள் நடத்தியவர். மாமனார் வீட்டின் இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். ராதாபாயும் லேசுப்பட்டவரல்ல. லண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்த இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். 1938-ல் தேர்தலில் வென்று மத்திய மேல்சபைக்குள் போன முதல் பெண். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

1926 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தில் 98 இடங்களுக்கு வாக்கெடுப்பு நடந்தது. அதிக இடங்களைப் பிடித்தது சுயராஜ்யக் கட்சி. ஆனால் கவர்னரும் அமைச்சர்களும் துறைகளைப் பங்கிட்டுக்கொண்ட இரட்டையாட்சியில் பதவி ஏற்க மாட்டோம் என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நீதிக் கட்சிக்குப் பலமில்லை. கவர்னர் கோஷன், எந்தக் கட்சியிலும் சேராமல் நின்ற சுப்பராயனைக் கூப்பிட்டு முதலமைச்சராக்கினார். சொந்தக் கட்சி இல்லாத ஒருவர், கவர்னர் நியமித்த 34 உறுப்பினர்களின் தயவில் அரசு நடத்த வேண்டிய நிலை. 1927-ல் நீதிக் கட்சி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றதும் அந்தத் தயவில்தான். அடுத்த ஆண்டு சைமன் கமிஷனைப் புறக்கணிக்கும் விவகாரத்தில் அவருடைய சக அமைச்சர்கள் ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் ராஜினாமா செய்தார்கள். சுப்பராயன் பதவியில் நீடித்தார், இந்த முறை நீதிக் கட்சியின் ஆதரவோடு! அது அவருக்குப் பெருமை சேர்த்த காரியமல்ல.

அந்த ஆட்சியில் நல்லது நடக்காமலும் இல்லை. அரசு வேலைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பிராமணர், முஸ்லிம், கிறிஸ்தவர் - ஆங்கிலோ இந்தியர் ஆகியோருக்கு இரண்டிரண்டு, ஒடுக்கப்பட்டோருக்கு ஒன்று என்று ஒதுக்கிய வகுப்புவாரி உத்தரவு 1928-ல் செயலுக்கு வந்தது. தேவதாசிகளின் மானிய நிலத்தைக் கோயில் சேவையிலிருந்து விடுவித்த 1929-ம் ஆண்டுச் சட்டமும் அப்போதுதான். ஆனால் முதலாவதற்கு அமைச்சர் முத்தையா முதலியாரையும், இரண்டாவதற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியையும்தான் நாடு நினைக்கிறது. நினைப்பதில் தவறில்லை, உழைத்தவர்கள் அவர்கள். முதலமைச்சர் வழிவிட்டார், அவ்வளவுதான்.

பதவி போன பிறகு வந்தது அவருடைய நல்ல காலம். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம். அதை ஒட்டி, குருவாயூர் கோயிலை ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறக்கக் கோரிக் கேளப்பனின் உண்ணாவிரதம். கோயில் கதவு திறக்குமா என்று ஊரெல்லாம் பேச்சு. நவம்பர் 1-ம் தேதி சென்னைச் சட்டமன்றத்தில் ஆலய நுழைவுக்கு ஆதரவாகத் தீர்மானம் கொண்டுவந்தவர், அப்போது வெறும் உறுப்பினராக இருந்த சுப்பராயன். தீர்மானம் நிறைவேறியது. அதோடு நிற்காமல் ஒரு மசோதாவும் தயாரித்தார். அதன் அடிப்படை எளிமையானது: ஒரு கோயிலைத் திறப்பதா வேண்டாமா என்பதை அந்த வட்டாரத்து இந்து வாக்காளர்கள் வாக்களித்து முடிவு செய்யட்டும். வழக்கம் என்ற ஒன்றைக் காட்டி நீதிமன்றமும் தர்மகர்த்தாவும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டிருந்த நாளில், பெரும்பான்மை முடிவு செய்யட்டும் என்று சொன்னது சாமர்த்தியமான யோசனை. ஒடுக்கப்பட்டவரின் உரிமையை ஊர் ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பதா என்ற கேள்வி இன்று நமக்கு எழும். எழ வேண்டியதுதான். ஆனால் அன்று அந்த அளவுக்குக்கூட மசோதா எழுதத் துணிந்தவர்கள் சிலரே.

இப்படிப்பட்ட மசோதாவுக்கு அன்று வைஸ்ராயின் முன் அனுமதி வேண்டியிருந்தது. 1933 ஜனவரியில் வில்லிங்டன் பிரபு அனுமதி மறுத்தார். இது நாடு முழுவதற்குமான விஷயம், ஒரு மாகாணம் மட்டும் சட்டம் போட முடியாது என்பது காரணம். டெல்லி மத்திய சபையில் ரங்க ஐயர் கொண்டுவந்த மசோதாவுக்கு மட்டும் வழிவிட்டார்கள். அதையும் 1934-ல் ரங்க ஐயரே கைவிட்டுவிட்டார். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப் போனது 1939 ஜூலை 8-ல். அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமர் ராஜாஜி, காங்கிரசில் சேர்ந்துவிட்ட சுப்பராயன் சட்ட அமைச்சர். கோயிலைத் திறந்தவர்களை வழக்குகளிலிருந்து காக்கும் சட்டம் அந்த ஆட்சியில் வந்தது. மங்களூர் மாமனார் வைத்த விதைக்கு இதில் பங்கில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

அதே அமைச்சரவையில் அவருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது: கல்வி. 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய உத்தரவு, அவருடைய துறையின் உத்தரவு. திட்டம் ராஜாஜியுடையது, திட்டு இருவருக்கும். கருப்புக்கொடி, மறியல், சிறை என்று மாகாணமே கொதித்தது. புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்து ராஜாஜியும் குமாரமங்கலத்து ஜமீன்தாரும் ஒரே திருச்செங்கோட்டு வட்டாரத்து ஆட்கள். இந்தியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த பழி ஒரே வட்டாரத்தின் தலையில் விழுந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. அரசியல் நிர்ணய சபையில் 1949 செப்டம்பரில் மொழி விவாதம் நடந்தபோது சுப்பராயன் உறுப்பினர். தேவநாகரியில் எழுதும் இந்தி வேண்டாம், ரோமன் எழுத்தில் இந்துஸ்தானி போதும் என்று வாதாடினார். அந்த வாதத்துக்கு அங்கே ஆதரவாளர் அதிகமில்லை. செப்டம்பர் 14-ல் முன்ஷி - அய்யங்கார் சமரசம் நிறைவேறியது: தேவநாகரி இந்தி ஆட்சிமொழி, பதினைந்து ஆண்டுக்கு ஆங்கிலமும் தொடரும்.

1955-ல் பி.ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம். அதில் சுப்பராயனும் ஓர் உறுப்பினர். 1956-ல் அறிக்கை தயாரானபோது, இரண்டு பேர் தனியாக மறுப்புக் குறிப்பு எழுதினார்கள். ஒருவர் வங்காளத்து மொழியியல் அறிஞர் சுனிதிகுமார் சட்டர்ஜி. மற்றவர் சுப்பராயன். அவசரப்பட்டு இந்திக்கு மாறினால் இந்தி பேசாதவர்களுக்கு நஷ்டம், ஆங்கிலம் தொடரட்டும் என்பதே இருவர் வாதத்தின் சாரம். பதினெட்டு ஆண்டுக்கு முன் இந்தியைக் கட்டாயமாக்கிய கல்வி அமைச்சரின் கையெழுத்து, இந்தப் பக்கத்தில்! காங்கிரசில் இருந்துகொண்டே எழுதினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ராஜாஜியும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தார்; 1958-ல் கல்கத்தாவில் இந்தி எதிர்ப்பு மாநாட்டில் முன்னின்றார். ராஜாஜி மாறியதை எல்லோரும் பேசினார்கள். சுப்பராயன் மாறியது ஆணைய அறிக்கையின் பின்பக்கங்களில் கிடக்கிறது.

இவருடைய வாழ்க்கையை எடுத்து வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான்: அமைச்சராக இருந்தபோது இருந்த இடத்துக்கு ஏற்றபடி நடந்தார், உறுப்பினராக இருந்தபோது தோன்றியதைச் சொன்னார். ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறை அமைச்சராக இருந்தபோது, கம்யூனிஸ்டுகளைத் தேடிய போலீஸ் அவருடைய பொறுப்பில். மோகனும் பார்வதியும் கம்யூனிஸ்டுகள். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1954 முதல் அப்பாவும் மகளும் ஒரே மாநிலங்களவையில். 1957-ல் இருவரும் ஒரே மக்களவையில்: திருச்செங்கோட்டிலிருந்து அவர் காங்கிரஸ், கோயம்புத்தூரிலிருந்து பார்வதி கம்யூனிஸ்ட். 1959-ல் நேரு அவரைப் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சராக்கினார். அடுத்த ஜூலையில் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம்; தபால் தந்தி ஊழியர்கள் முன்வரிசையில். அரசு அவசரச் சட்டம் போட்டது, ஐந்தாம் நாள் வேலைநிறுத்தம் முடிந்தது. மறுபடியும் அமைச்சர் இருக்கை.

1962 தேர்தலிலும் திருச்செங்கோட்டில் வென்றார். ஏப்ரலில் மகாராஷ்டிர கவர்னராகப் போனார்; அக்டோபர் 6-ல் காலமானார். தொகுதிக்கு 1963-ல் இடைத்தேர்தல். வென்றவர் தி.மு.க.வின் எஸ். கந்தப்பன். ஆங்கிலம் தொடரலாம் என்று சொன்ன ஆட்சிமொழிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான்.

(தொடரும்)