இலை தின்னிகள் ஊரில் பாஸ்தா வந்த கதை

1) பாஸ்தான்னா நமக்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம் ஞாபகத்துக்கு வரும். ஆனா 16ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்க்காரங்களுக்கு இருந்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? "இலை தின்னிகள்". முட்டைக்கோஸ், கீரை வகைகள், கூடவே கொஞ்சம் இறைச்சி. இதுதான் அவங்க சாப்பாடு.

2) 17ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறுது. ஊரில் ஜனத்தொகை பெருகுது. இறைச்சி ஏழைகளுக்கு எட்டாத விலைக்குப் போகுது. அதே காலத்தில் மாவு பிசையும் கருவியும், மாவை அச்சில் பிழியும் கருவியும் பரவுது. பாஸ்தா மலிவாகுது.

3) அடுத்த நூற்றாண்டில் பட்டப்பெயரே மாறிடுச்சு: "மாக்கரோனி தின்னிகள்". தெருவோரக் கொப்பரையில் வெந்த பாஸ்தாவை, துருவிய சீஸ் தூவி, கையாலேயே தூக்கிச் சாப்பிட்டாங்க. மலிவா வயிறு நிறைஞ்சது. ஆனா தட்டில் இலை குறைஞ்சது.

4) அப்போ தக்காளி? அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய். 1839இல் நேப்பிள்ஸ்காரர் இப்போலித்தோ கவல்காந்தி தன் சமையல் புத்தகத்தில் தக்காளி போட்ட பாஸ்தாவை எழுதினார். நாம "பாரம்பரியம்"னு நினைக்கிற தக்காளி பாஸ்தாவுக்கு வயசு சுமார் 200 வருஷம்தான்.

5) இனி மருத்துவக் கதை. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விஞ்ஞானி ஆன்சல் கீஸ், மனைவி மார்கரெட்டுடன் நேப்பிள்ஸ் வந்தார். இந்த ஊர்த் தொழிலாளர்களுக்கு மாரடைப்பு அபூர்வம்னு கேள்விப்பட்டு வந்தவர். ரத்தம் எடுத்துப் பார்த்தா, கொலஸ்ட்ரால் அமெரிக்கர்களைவிடக் குறைவு. அதே ஊரில் இறைச்சி அதிகம் சாப்பிட்ட வசதியானவங்களுக்கு மட்டும் கூடுதல்.

6) அந்தத் தொழிலாளி தட்டில் என்ன இருந்தது? பாஸ்தா இருந்தது. கூடவே காய், கீரை, பயறு, ஆலிவ் எண்ணெய். இறைச்சி எப்பவாவது. பகல் முழுக்க உடல் உழைப்பு.

7) 1958இல் கீஸ் "ஏழு நாடுகள் ஆய்வை" ஆரம்பித்தார். 12,000க்கும் மேற்பட்ட ஆண்கள். மத்தியதரைக்கடல் உணவுமுறை உலகப் புகழ் அடைய இதுவே பெரிய காரணம். நாடுகளைத் தேர்ந்தெடுத்த விதத்தில் விமர்சனம் உண்டு. இப்படிப்பட்ட ஆய்வு தொடர்பைக் காட்டும், காரணத்தை நிரூபிக்காது. இதையும் சொல்லிடணும்.

8) "டாக்டர், இத்தாலிக்காரன் தினம் பாஸ்தா சாப்பிட்டு நல்லாத்தானே இருக்கான்?"னு நிறைய பேர் கேக்குறாங்க. இல்லீங்க. அவனைக் காப்பாத்துனது பாஸ்தா மட்டும் இல்லை. பக்கத்துல இருந்த இலையும், பயறும், உழைப்பும்தான். அதையெல்லாம் விட்டுட்டு க்ரீமும் சீஸும் கொட்டினா அது வேற சாப்பாடு.

9) ராத்திரி வேலை முடிஞ்சு வந்து 20 நிமிஷத்தில் செய்ய ஒரு வழி. ஒருத்தருக்குக் காய்ந்த பாஸ்தா 60 கிராம், காய்கறி 200 கிராம். பாஸ்தா கொதிக்கும்போது, கடைசி 4 நிமிஷத்தில் அதே தண்ணீரில் பீன்ஸ், ப்ரோக்கோலி போடுங்க. கீரைன்னா கடைசி ஒரு நிமிஷம் போதும். இத்தாலியின் தெற்கே புலியா பகுதியில் கீரையையும் பாஸ்தாவையும் ஒரே பானையில்தான் வேகவைப்பாங்க.

10) வாணலியில் எண்ணெய், நசுக்கிய பூண்டு, வரமிளகாய். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி. வடித்த பாஸ்தா, காயைக் கொட்டி, வடிநீர் ஒரு கரண்டி ஊத்திப் புரட்டுங்க. அந்த நீரில் இருக்கிற மாவுச்சத்து எண்ணெயோட சேர்ந்து குழம்பு மாதிரி திரளும். க்ரீம் தேவையே இல்லை.

11) பாஸ்தா குழையக் கூடாது. நடுவில் லேசா கடிபடணும். அப்படி வெந்தது மெதுவா செரிக்கும், ரத்தச் சர்க்கரையும் மெதுவா ஏறும். சர்க்கரை நோயாளிகள் சாப்பிட்ட 2 மணி நேரம் கழிச்சு ஒருமுறை அளந்து பாத்துக்கோங்க. உங்க அளவு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

12) சேமியா உப்புமாவுக்கும் இதே கணக்குதான். காய் மலையா இருக்கட்டும், சேமியா மேட்டு அளவு போதும்.