ஆலைச் சங்கும் தமிழ்ச் சொல்லும்

தமிழர் வாழ்வில் சங்கு முழங்கிய இடங்கள் பல. கோயிலில் முழங்கிற்று, போர்க்களத்தில் முழங்கிற்று, இறுதி ஊர்வலத்தின் முன்னும் முழங்கிற்று. நீராவி ஆலைகள் எழுந்த பின்னர் அச்சொல் இன்னோர் இடத்திற்கும் குடிபெயர்ந்தது. தொழிலாளரை வேலைக்கு அழைக்கும் ஊதலையும் மக்கள் 'சங்கு' என்றே வழங்கினர். ஆலை என்ற சொல்லும் அத்தகையதே. முன்னாளில் அது கரும்பு பிழியும் இடத்தைக் குறித்தது. பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் கூடி உழைக்கும் பஞ்சாலைக்கும் அதுவே பெயராயிற்று.

புதிய பொருளுக்குப் பழைய சொல் கிடைத்துவிட்டது. ஆயின் அப்பொருளோடு வந்த புதிய வாழ்க்கைக்குச் சொல் அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. பெரம்பூர்ப் பஞ்சாலைகளின் வரலாறு தொழிற்சங்க வரலாறாகப் பலரால் எழுதப்பட்டுள்ளது. சொல்லைக் கையாள்வோர் அதனை வேறொரு கோணத்திலும் காணலாம். உழைப்பைப் பற்றிப் பேசும் உரிமை உழைப்பவரிடமிருந்து எவ்வாறு நழுவியது, எவ்வாறு மீண்டது, எவ்விடத்தில் மீளாது போயிற்று என்பதே அக்கோணம்.

தறியும் வீடும்

சென்னையின் பழைய நெசவுக் குடியிருப்புகளுள் ஒன்று சிந்தாதிரிப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராயிருந்த மார்ட்டன் பிட் காலத்தில், 1734ஆம் ஆண்டில், நெசவாளரைக் குடியமர்த்தி அது உருவாக்கப்பட்டது. சின்னத் தறிப் பேட்டை என்பதே மருவி அப்பெயராயிற்று என்பர்.

கைத்தறி நெசவில் வீடும் பணியிடமும் ஒன்றே. தெருவில் பாவு விரியும், கஞ்சி தோயும், குழித்தறியில் ஆடவர் அமர்வர், பெண்டிர் தார் சுற்றுவர், முதியோர் இழை முடிவர், சிறுவர் பார்த்தே தொழில் பயில்வர். வறுமை அங்கும் உண்டு. வணிகரிடம் பெற்ற முன்பணம் நெசவாளரின் கழுத்தை நெரித்ததும் உண்டு. எனினும் எப்போது எழுவது, எப்போது அமர்வது, எந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு நெய்வது என்பன அவர்தம் கையில் இருந்தன. நெசவுக்குரிய பாவு, ஊடை, நாடா, விழுது, அச்சு என்னும் சொற்கள் அனைத்தும் நெய்பவரின் நாவில் பிறந்தவை.

இங்கிலாந்தில் 1733இல் ஜான் கேயின் விசைநாடாவும், 1760களில் ஆர்கிரீவ்சின் நூற்கும் பொறியும், 1769இல் ஆர்க்ரைட்டின் நீர்ச்சட்டமும், 1785இல் கார்ட்ரைட்டின் விசைத்தறியும் அடுத்தடுத்துத் தோன்றின. அவற்றின் விளைவு பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகக் கடற்கரைக்கு மூட்டை மூட்டையாக வந்திறங்கியது. முதலில் வீழ்ந்தது தறியன்று, இராட்டை. பொறி நூற்ற நூல் மலிவாக வந்ததும், வீட்டில் நூற்றுச் சிறு வருவாய் ஈட்டிய பெண்டிர் முதற்கண் தொழில் இழந்தனர். நெசவாளர் அயல்நூலை வாங்கித் தறியைக் காத்துக்கொண்டனர். நூற்ற பெண்டிர்க்கு அவ்வழியும் இல்லாதாயிற்று.

இருப்புப் பாதையும் காலமும்

1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தென்னகத்தின் முதற் பயணியர் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை ஓடியது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீண்ட அப்பாதை அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் நிலங்களின் ஊடே சென்றது. பாதைக்கு வடக்கே சற்றுத் தள்ளிக் கோவில்பதாகை ஏரி. கோவிலும் பதாகையும் இணைந்த அழகிய பெயருடைய இவ்வூரின் காலக்கணக்கு ஏரியையும் மழையையும் பற்றியே நின்றது. மடை திறந்தால் உழவு. கதிர் முற்றினால் அறுவடை. பொழுது சாய்ந்தால் ஓய்வு.

புகைவண்டி வேறொரு காலத்தைக் கொணர்ந்தது. ஊருக்கு ஊர் மாறிய கதிரவன் நேரம் அதற்குப் பயன்படவில்லை. ஆகவே நுங்கம்பாக்கம் வானாய்வுக் கூடம் கணித்த 'சென்னை நேரம்' நாட்டின் இருப்புப் பாதைகளில் பொது நேரமாகக் கொள்ளப்பட்டது. 1906இல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வரும்வரை அந்நிலை நீடித்தது. நாழிகையில் வாழ்ந்த மக்கள் நிமிடத்தை அறிந்தது இவ்வாறே.

நிமிடத்தின் முழு வலிமையைக் காட்டியவை ஆலைகளே. பின்னி நிறுவனத்தின் சார்பில் 1876இல் பக்கிங்காம் ஆலையும், 1880களின் தொடக்கத்தில் கர்நாடிக் ஆலையும் பெரம்பூர்ப் பகுதியில் தோன்றின. நாற்புறத்துச் சிற்றூர்களிலிருந்தும் உழவரும் நெசவாளரும் நிலமற்ற கூலிகளும் அங்கே வந்து சேர்ந்தனர். சங்கு ஊதி வாயிற்கதவு சாத்தப்பட்ட பின் வந்தவர்க்கு அன்றைய கூலி இல்லை.

சட்டங்களின் வழியாகவே அக்காலத்தின் கொடுமையை அளந்தறியலாம். 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதிற்குட்பட்ட குழந்தைகளைப் பணியில் அமர்த்தலாகாது என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வயதினர்க்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் என வரையறுத்தது. 1911ஆம் ஆண்டின் சட்டமே பஞ்சாலைகளில் வயதுவந்த ஆடவர்க்குப் பன்னிரண்டு மணி நேரம் என்ற எல்லையை முதன்முதலில் வகுத்தது. பன்னிரண்டு மணி நேரம் ஒரு சலுகையாக வந்தது எனில், அதற்கு முந்திய நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

பொறிகளின் பேரோசையில் பேச்சு எழாது, பாட்டு எழாது. தறியடியில் பாடிய வாய் ஆலையில் மூடிற்று. தமிழ் இலக்கணத்தில் தொழிற்பெயர் என ஒன்று உண்டு. அது செயலைச் சொல்லும்; செய்தவரின் பாலையோ இடத்தையோ காட்டாது. வினையாலணையும் பெயரோ செய்தவரையே சுட்டி நிற்கும். 'உழைத்தல்' முன்னது, 'உழைத்தவர்' பின்னது. ஆலைக் கணக்கேட்டில் மனிதர் தொழிற்பெயராக மட்டுமே இடம்பெற்றனர் எனலாம்.

கண்டுபிடிப்பு யாருடையது?

நூற்கும் பொறியைக் கண்ட ஆர்கிரீவ்சு ஒரு நெசவாளர். 1779இல் அதனை மேலும் திருத்திய கிராம்ப்டன் நூற்புத் தொழிலில் வளர்ந்தவர். ஆர்க்ரைட்டோ முடிதிருத்தும் தொழில் செய்தவர். தொழிலின் இடர்ப்பாட்டைத் தம் விரலால் அறிந்தோரும் கைத்தொழிலாளருமே பொறியை ஆக்கினர். அவர்தம் அண்டை வீட்டார் பிழைப்புக்கு அஞ்சிப் பொறிகளை உடைத்ததும் வரலாறே. ஆக்கமும் அச்சமும் அங்கு ஒரே தெருவில் வாழ்ந்தன.

சென்னைக்கு வந்த பொறிகளோ முற்றும் முடிந்த நிலையில் கப்பலில் வந்தன. பெரம்பூர்த் தொழிலாளர் அவற்றை இயக்கினர், பழுது பார்த்தனர், அவற்றை மாற்றியமைக்கும் உரிமை பெற்றிலர். பொறியின் உறுப்புகளும் ஆங்கிலப் பெயருடனேயே வந்தன. அறிவு ஓரிடத்திலும் உழைப்பு ஓரிடத்திலுமாகப் பிரிந்தன.

இப்பிரிவை இணைக்க முயன்றோர் இல்லாமலில்லை. சென்னைப் பொறியியற் கல்லூரியில் பேராசிரியராயிருந்த ஆல்பிரடு சாட்டர்டன் 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கி வைத்தார். பித்தளையும் செம்பும் வடித்துப் பழகிய உள்ளூர்க் கைவினைஞரின் திறமே அதற்கு அடித்தளம். இன்று ஏழையர் அடுக்களையில் தவறாது காணப்படும் அப்பாத்திரம் இந்நாட்டில் தொழிலாக வேரூன்றிய கதை இதுவே. தோல் பதனிடுவதில் குரோமிய முறையையும் கிணற்று நீர் இறைக்கப் பொறிகளையும் அவர் பரப்பினார். அரசே தொழில்களை முன்னின்று தொடங்குவதைத் தனியார் முதலாளிகள் எதிர்த்தனர். 1910இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி பிரபு அம்முயற்சிக்குத் தடை விதித்தார். கைவினைஞரின் அறிவு புதுப்பொறியோடு கைகோக்கும் வாய்ப்பு இலண்டனில் எழுதப்பட்ட ஓர் ஓலையால் குறுகிற்று.

ஆலை வாயிலில் தமிழ்

1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசி அவர்களைத் திரட்டினர். சில நாட்களிலேயே வெற்றி கிட்டியது. உழைப்பைப் பற்றித் தமிழில் மேடையேறிப் பேசலாம் என்பதற்கு அது முதற்சான்றுகளுள் ஒன்று.

சென்னையில் அவ்விதை முளைக்கப் பத்தாண்டுகள் ஆயின. பெரம்பூர்ப் பகுதியில் செல்வபதி செட்டியார், இராமானுசலு நாயுடு என்னும் இருவர் சமயப் பணி செய்யும் சபை ஒன்றை நடத்தி வந்தனர். பத்திப் பொழிவு கேட்க வந்த ஆலைத் தொழிலாளர் தம் குறைகளையும் அவர்களிடம் கூறினர். உண்ணப் போதிய இடைவேளை இல்லை, மேலாளர் அடிக்கின்றனர், சிறு தவற்றுக்கும் கூலி பிடிக்கப்படுகிறது. இறைவனைப் பாடக் கூடிய கூட்டம் மெல்ல உழைப்பைப் பேசும் கூட்டமாயிற்று. 1918 மார்ச்சுத் திங்களில் நடந்த பெருங்கூட்டத்தில் உரையாற்ற அழைக்கப்பெற்றவர் ஒரு தமிழாசிரியர். அவரே திரு.வி.க.

போரூரை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில் 1883இல் பிறந்தவர் அவர். யாழ்ப்பாணம் கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் பயின்றவர். வெசுலி பள்ளியில் தமிழ் கற்பித்தவர். ஆசிரியப் பணியைத் துறந்து 1917 திசம்பரில் 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானவர். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அன்னி பெசண்ட் அம்மையாரின் தோழரான பி. பி. வாடியா அதன் தலைவர். அவர் பார்சி இனத்தவர், ஆங்கிலத்தில் பேசினார், அவ்வுரை தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. அத்தகைய மேடையில் திரு.வி.க.வின் நேர்த்தமிழ் தொழிலாளர்க்கு எவ்வளவு அணுக்கமாயிருந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

அந்நாளில் அரசியல் மேடை ஆங்கிலத்தின் ஆட்சியில் இருந்தது. தமிழ் மேடை சமயத்தின் ஆட்சியில் இருந்தது. இவ்விரண்டிற்கும் இடையே ஆலை வாயிலில் புதியதொரு தமிழ் பிறந்தது. புராணப் பொழிவின் ஓசையும் நாளிதழின் தெளிவும் அதில் கலந்தன. சங்கம் என்ற சொல் புலவர் அவையிலிருந்து இறங்கித் தொழிலாளர் தெருவுக்கு வந்தது. 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்நாட்டின் முதல் மே நாள் விழாவை நடத்தினார். அவ்வாண்டிலேயே 'தொழிலாளன்' என்னும் தமிழ் இதழையும் தொடங்கினார். தொழிற்பெயராய் இருந்தோர் ஓர் இதழின் தலைப்பில் ஆளாக நின்றனர்.

சொல் தோற்ற இடம்

இவ்வரலாற்றை வெற்றியோடு முடித்தல் எளிது; உண்மை அதற்கு இடந்தரவில்லை. 1920 திசம்பரில் பெரம்பூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் இருவர் மாண்டனர். நிறுவனத்தார் வாடியாவின்மீது வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றனர். இறுதியில் அவர் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. தொழிற்சங்கம் அமைப்பதே குற்றமாகக்கூடும் என்ற அந்நிலைதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திற்கு ஒரு தூண்டுகோலாயிற்று.

1921இல் நேர்ந்தது இதனினும் கொடிது. சூன் திங்களில் மீண்டும் போராட்டம் மூண்டபோது ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர். அவர்தம் தலைவர் எம். சி. இராசாவும் அதனையே அறிவுறுத்தினார். சேமிப்போ நிலமோ இல்லாத அவர்கள் நெடுநாள் பசியைத் தாங்கும் நிலையில் இல்லை. ஆலைக்குள் ஒரே கூரையின்கீழ் உழைத்தவர், வாயிலைக் கடந்ததும் தம்மைத் தீண்டத்தகாதவராய் நடத்தியதை அவர்கள் மறந்திலர். புளியந்தோப்பில் பூசல் மூண்டது, குடிசைகள் எரிந்தன, காவலர் சுட்டனர், உயிர்கள் பல மாய்ந்தன. அக்டோபரில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. பாரதியார் திருவல்லிக்கேணியில் கண்மூடியதும் அப்போராட்டத் திங்களுள் ஒன்றிலேயே. ஆளுநர் வில்லிங்டன் திரு.வி.க.வை அழைத்து, நாடுகடத்துவதாக எச்சரித்தார்.

இயந்திரம் சாதியைக் கரைத்துவிடும் என நம்பியோர் இருந்தனர். அது பலரை ஒரே சங்கின் ஓசைக்கு எழுப்பியது. ஒரே வாயிலில் நிறுத்தியது. ஒரே பந்தியில் அமர்த்தவில்லை. 'தொழிலாளர்' என்ற புதுச்சொல் அனைவரையும் தழுவுவதாக ஒலித்தது. ஆனால் அதனை உரைத்த மேடை, புளியந்தோப்புக் குடிசையின் தனித்துயரைக் கேட்கப் போதிய செவி பெற்றிருக்கவில்லை. ஒருவரது துயரைக் கேளாமலே அவரையும் சேர்த்து 'நாம்' என்று உரைத்தல் எளிது. அந்த 'நாம்' முதற் பசியிலேயே உடைந்தது. பொதுச் சொல்லைப் பெரிதும் விரும்பும் கவிஞர் உலகம் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி இது.

மேற்குப் புறத்தின் கடன்

நாடு விடுதலை பெற்றபின் தொழில்கள் இருப்புப் பாதையைப் பற்றிக்கொண்டு மேற்கே நகர்ந்தன. 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசுப் பேரவை சமதர்மப் பாங்கான சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் பெரம்பூரில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை அமைந்து, 1965இல் 'விசயந்தா' பீரங்கி வண்டியை உருவாக்கி அளித்தது. கோவில்பதாகையின் வயல்கள் மெல்ல மனைகளாயின. ஏரிக்கரையில் நடந்த கால்கள் முறைவேலைக்கு மிதிவண்டி மிதித்தன.

பெரம்பூர்ப் பஞ்சாலைகள் 1996இல் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகள் ஒலித்த சங்கு நின்றது. ஆலை ஈட்டிய ஊதியமும் நெய்த துணியின் அளவும் ஏடுகளில் உள்ளன. ஆலையினுள் உழைத்தோர் பொறிகளுக்கு இட்ட செல்லப் பெயர்கள், மேத்திரியை மறைவில் அழைத்த பட்டப் பெயர்கள், இரவு முறையில் உறக்கத்தை ஓட்டச் சொன்ன விடுகதைகள் ஆகியவற்றுள் மிகுதியானவை அவர்களோடே மறைந்தன. இத்தகைய சொற்களை எவரும் தொகுத்து வைத்தல் அரிது.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பணிநிறைவு பெற்ற முதியோர் இன்றும் திண்ணைகளில் உள்ளனர். ஒப்பந்தக் கூலிகளாய் வெளிமாநிலத்திலிருந்து வந்தோர் அவர்களுக்கு அடுத்த தெருவில் வாழ்கின்றனர். அவர்தம் மொழி வேறு. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் ஒன்றிற்கு இதனினும் சிறந்த பணி அமைதல் அரிது. ஒரு கையேடும் எழுதுகோலும் போதும். அம்முதியோரிடமும் இப்புதியோரிடமும் சென்று, அவர்கள் பேசக் கேட்டு, கேட்டவாறே எழுதி வைத்தல் வேண்டும். 1918இல் ஒரு தமிழாசிரியர் ஆலை வாயிலுக்குச் சென்று பேசினார். இனிச் செல்வோர் முதலில் கேட்கட்டும்.